பக்கத்தில் எழுத்து இல்லை

உபுண்டு லினக்ஸோடு வந்த க்னோம் டெஸ்க்டாப் அலுத்துப்போய், பிளாஸ்மா என்ற இன்னொன்றையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று ஒருவர் அதை நிறுவுகிறார். தொகுப்புகள் வரிசையாக இறங்குகின்றன. வெளியேறி, உள்நுழையும் திரையில் புதிய டெஸ்க்டாப்பைத் தேர்ந்துகொண்டு மீண்டும் உள்ளே வருகிறார். பட்டிகள், ஐகான்கள், சாளர ஓரங்கள் எல்லாம் மாறியிருக்கின்றன, அதற்காகத்தானே நிறுவினார். பிறகு பயர்ஃபாக்ஸைத் திறக்கிறார். நேற்றுவரை வாசித்த அதே செய்தித்தளம்தான். ஆனால் தமிழ் எழுத்துகள் மெலிந்து, அகலம் கூடி நிற்கின்றன. ஆங்கில எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிகின்றன. வேறொரு தளத்தில் தலைப்புகள் மட்டும் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிகின்றன. உலாவியை அவர் தொடவே இல்லை, அதன் பதிப்பும் மாறவில்லை. தளமும் மாறவில்லை.

இப்படி ஆனதும் பலருக்கும் முதலில் தோன்றுவது உலாவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. பெரும்பாலும் வீண் வேலை. எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்ற முடிவில் உலாவிக்கு இருக்கும் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது.

இணையப் பக்கத்தில் எழுத்து என்று ஒன்று கிடையாது. இருப்பது எண்கள். 'கொடி' என்ற சொல் பக்கத்தில் 2965, 3018, 2975, 3007 என்று நான்கு எண்களாகத்தான் வந்து சேர்கிறது. யூனிகோடு தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944இல் தொடங்கி 3071இல் முடிகிறது. அதில் ககரத்துக்கு 2965, ஒகரக் குறிக்கு 3018. அந்த ஒகரக் குறியைத் திரையில் வரையும்போது அது இரண்டாகப் பிளந்து, கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். டகரமும் இகரக் குறியும் ஒட்டிக்கொண்டு ஒரே வடிவமாக வேண்டும். எண்ணைப் பார்த்து இதையெல்லாம் ஊகிக்க முடியாது. இன்றைய பயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல், எழுத்துருக் கோப்புக்குள் இருக்கும் அட்டவணைகளைப் படித்து இந்த இடமாற்றங்களைச் செய்கிறது. எந்த எழுத்துருவின் அட்டவணை என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்வது ஹார்ஃப்பஸ் அல்ல.

1990களின் இறுதியில் தமிழ்த் தளங்களை வாசித்தவர்கள் இதற்கு நேர்மாறான ஏற்பாட்டைப் பார்த்திருப்பார்கள். அன்று பல இதழ்கள் தங்களுக்கென்று ஓர் எழுத்துருவோடு இணையத்துக்கு வந்தன. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருப்பார்கள். அந்த எழுத்துருவை இறக்கி நிறுவாவிட்டால் திரை முழுக்கப் பொருளற்ற ஆங்கிலக் குப்பை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடை ஏற்றது. பழைய ஏற்பாட்டில் எண்ணும் வடிவமும் ஒட்டிப் பிறந்தவை. எழுத்துரு கையில் இருந்தால் எல்லோருக்கும் ஒரே பக்கம், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. யூனிகோடு இரண்டையும் பிரித்தது. தமிழ் எழுத்துரு ஏதாவது ஒன்று இருந்தால் வாசிக்கலாம் என்றாயிற்று. அந்த ஏதாவது ஒன்று எது என்பதை யாராவது முடிவுசெய்தாக வேண்டும் என்றும் ஆயிற்று. புதிய டெஸ்க்டாப் மூக்கை நுழைப்பது அந்த இடைவெளியில்தான்.

எவ்வளவு பெரிய இடைவெளி என்பதற்கு நம் மொழியிலேயே சான்று உண்டு. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. அதற்கு முன் லை, ளை, ணை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கைக் கொம்பு இருந்தது. இன்றைய 'லை'யின் எண்கள் 2994, 3016. பழைய வடிவ 'லை'யின் எண்களும் அவையேதான். பழைய வடிவங்களைப் பேணும் எழுத்துரு ஒன்று கணினியில் வந்து சேர்ந்து, வரிசையில் முன்னே நின்றுவிட்டால், இன்று காலை வந்த செய்தியும் 1978க்கு முந்தைய உருவில் தெரியும். பக்கத்தில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது.

லினக்ஸில் இந்த வரிசையை வைத்திருப்பது ஃபான்ட்கான்ஃபிக் என்ற நிரலகம். அதை எழுதியவர் கீத் பேக்கார்ட். அதற்கு முன், எக்ஸ் சாளர அமைப்பின் ஆரம்பக் காலத்தில், எழுத்துருக்கள் எக்ஸ் சர்வரின் கையில் இருந்தன. ஒரு செயலிக்கு எழுத்துரு வேண்டுமென்றால் தயாரித்தவர், குடும்பம், பருமன், சாய்வு, அளவு என்று 14 பகுதிகளைச் சிறுகோடுகளால் இணைத்த நீளப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கிடைப்பதும் கறுப்பு அல்லது வெள்ளை, நடுவே எதுவும் இல்லாத புள்ளிக் கோலம். 2000இல் பேக்கார்ட் உருவாக்கிய ரெண்டர் நீட்சியோடு, மென்மையான ஓரங்கள் கொண்ட எழுத்தைச் செயலிகள் தாங்களே தயாரித்துத் திரைக்கு அனுப்பும் வழி திறந்தது. எழுத்துருக்களைத் தேடித் தரும் வேலை ஃபான்ட்கான்ஃபிக்குக்கு வந்தது.

அது வேலை செய்யும் விதம் கல்யாணத் தரகரின் விதம். என்ன கேட்டாலும் 'இல்லை' என்று சொல்லாது. கேட்ட பெயரில் எழுத்துரு இருந்தால் அது. இல்லையென்றால் அதே அளவுப் பொருத்தம் உள்ள இன்னொன்று. அதுவும் இல்லையென்றால் மொழிப் பொருத்தம். கடைசியில், கையில் இருப்பதில் கிட்டத்தட்டப் பொருந்துவது எதுவோ அது. ஏரியல் கேட்கும் பக்கத்துக்கு லினக்ஸில் பெரும்பாலும் கிடைப்பது லிபரேஷன் சான்ஸ். ரெட்ஹேட் நிறுவனம் 2007இல் வெளியிட்ட இந்தக் குடும்பம் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ மூன்றுக்கும் எழுத்துக்கு எழுத்து அதே அகலம் கொண்டது. வடிவம் வேறு; வரி மடங்கும் இடம் மட்டும் மாறாது.

இந்த நிரலகத்தின் விதிகள் ஒரே கோப்பில் இல்லை. கணினியின் பொது அமைப்புக் கோப்புறையில், ஈரிலக்க எண்ணோடு தொடங்கும் பெயர் கொண்ட பல சிறு கோப்புகளாகக் கிடக்கின்றன. எண் வரிசையில்தான் அவை வாசிக்கப்படும். 10 என்று தொடங்குபவை எழுத்தை வரையும் முறையைச் சொல்கின்றன. 30இல் 'ஏரியலுக்குப் பதில் இது' என்ற சமானப் பட்டியல் இருக்கிறது. 50இல் பயனரின் சொந்தக் கோப்பைப் போய்ப் படி என்ற ஆணை. 60இலும் 65இலும் இலத்தீன் எழுத்துகளுக்கும் மற்றவற்றுக்கும் எந்த எழுத்துருவுக்கு முன்னுரிமை என்ற பட்டியல்கள். 70இல் தடைகள். எழுத்துருத் தொகுப்பு எதுவும் தன் கோப்பு ஒன்றை இந்த வரிசையில் செருகிக்கொள்ளலாம். ஆகவே எழுத்துருவை நிறுவுவது என்றால் அலமாரியில் இன்னொரு புத்தகம் வைப்பது மட்டுமல்ல. சில நேரம் யாருக்கு முதலிடம் என்ற விதியையே மாற்றுவதும்கூட.

டெஸ்க்டாப் எதுவும் தனியாக வராது. தான் அழகாகத் தெரிவதற்கு வேண்டிய எழுத்துருக்களையும் இழுத்துக்கொண்டு வரும். பிளாஸ்மாவின் பட்டிகளுக்கு நோட்டோ சான்ஸ், டெர்மினலுக்கு ஹேக். க்னோம் 2011இல் மூன்றாம் பதிப்பிலிருந்து கேன்டரெல்லை வைத்திருந்து, 2025இல்தான் அத்வைதா சான்ஸுக்கு மாறியது. உபுண்டு தன் பெயரிலேயே 2010இல் ஓர் எழுத்துருவை வெளியிட்டது. கூடவே வரும் நோட்டோ குடும்பம் உலகின் பெரும்பாலான எழுத்துமுறைகளுக்கு எழுத்துரு தரும் கூகுளின் பெருந்திட்டம். தமிழும் அதில் உண்டு.

இப்போது அந்தச் செய்தித்தளத்துக்கு வருவோம். அதன் பாணிக் கோப்பு 'ஏரியல், அது இல்லாவிட்டால் ஏதாவது ஒரு சான்ஸ்-செரிஃப்' என்று கேட்கிறது. ஆங்கில எழுத்துகள் லிபரேஷன் சான்ஸிலிருந்து வந்துவிட்டன. அதில் தமிழ் இல்லை. ஆகவே தமிழ் எண் வரும்போது உலாவி வரிசையில் கீழே இறங்கித் தமிழ் தெரிந்த முதல் எழுத்துருவைத் தேடுகிறது. நேற்று அந்த இடத்தில் லோஹித் தமிழ் இருந்திருக்கலாம். ரெட்ஹேட் 2004இல் வெளியிட்ட இந்திய மொழி எழுத்துருக்களில் ஒன்று அது. இன்று நோட்டோ சான்ஸ் தமிழ் முன்னே வந்து நிற்கிறது. அல்லது வேறு ஏதோ தொகுப்போடு ஒட்டி வந்த குனூ ஃப்ரீசெரிஃப். ஆங்கிலம் நேற்றைப் போலவே இருக்கும். தமிழ் மட்டும் வேறு ஆளாகியிருக்கும்.

அளவும் மாறியதாகத் தெரிவதற்குக் காரணம் இன்னும் விந்தையானது. எழுத்தின் அளவு 16 பிக்சல் என்று பக்கம் சொன்னால், அந்த 16 எந்த எழுத்தின் உயரமும் அல்ல. எழுத்துருவை வடிவமைத்தவர் வரைந்துகொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஒரு சதுரத்தின் உயரம் அது. சதுரத்துக்குள் எழுத்தைப் பெரிதாக வைப்பதும் சிறிதாக வைப்பதும் அவர் விருப்பம். ஒரே 16 பிக்சலில் இரண்டு தமிழ் எழுத்துருக்களை அடுத்தடுத்து வைத்தால் ஒன்று மற்றதன் அண்ணன்போல் தெரிவது அதனால்தான். ஆங்கில எழுத்துருவைத் தேர்ந்த வடிவமைப்பாளர் தமிழை நினைத்தே பார்க்காத தளங்களில் இந்தப் பொருத்தமின்மை இன்னும் அப்பட்டமாகத் தெரியும்.

சீன, ஜப்பானிய வாசகர்களின் பாடு நம்மைவிடக் கடினம். இரு மொழிகளுக்கும் பொதுவான பல எழுத்துகளுக்கு யூனிகோடு ஒரே எண்ணைத்தான் கொடுத்திருக்கிறது. எலும்பைக் குறிக்கும் எழுத்தின் மேற்பகுதிக்குள் ஒரு சிறு மூலை உண்டு. சீனப் பெருநிலத்தின் வழக்கில் அது இடப்பக்கம், ஜப்பானிய வழக்கில் வலப்பக்கம். பக்கத்தில் மொழிக் குறிப்பு இல்லாவிட்டால் எந்த எழுத்துரு முதலில் நிற்கிறதோ அதன் வழக்கு. புதிய டெஸ்க்டாப் நிறுவிய மறுநாள் சீனச் செய்தித்தாள் ஜப்பானியக் கையெழுத்தில் வரக்கூடும்.

படிக்கட்டுத் தலைப்புகளுக்கு வேறு கதை. 1980களில் அடோபியின் ஹெல்வெட்டிகா, டைம்ஸ், கூரியர் ஆகியவற்றின் புள்ளிக் கோல வடிவங்கள் எக்ஸ் சாளர அமைப்போடு சேர்த்துத் தரப்பட்டன. அங்குலத்துக்கு 75 புள்ளி, 100 புள்ளி என்று இரண்டு தொகுதிகள். அவை இன்னும் தொகுப்புக் களஞ்சியங்களில் இருக்கின்றன; பழைய செயலி ஏதாவது கேட்டால் கூடவே இறங்கிவிடும். ஹெல்வெட்டிகா என்று பெயர் சொல்லிக் கேட்கும் தளங்கள் இன்றும் ஏராளம். அதுவரை சமானப் பட்டியல் வழியே நிம்பஸ் சான்ஸோ லிபரேஷன் சான்ஸோ கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது கணினியில் உண்மையாகவே 'ஹெல்வெட்டிகா' என்ற பெயரில் ஓர் எழுத்துரு இருக்கிறது. பெயர்ப் பொருத்தம் முழுதாக அமைந்துவிட்டது. மற்றதை யார் பார்க்கிறார்கள்? இதைத் தடுக்கத்தான் 70ஆம் எண்ணில் புள்ளிக் கோல எழுத்துருக்களை ஒதுக்கும் விதி ஒன்று காத்திருக்கிறது. சில லினக்ஸ் வெளியீடுகளில் அது இயல்பாகவே இயங்கும், சிலவற்றில் நாம்தான் இயக்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. அண்மைக் காலத் தளங்கள் பல, குறிப்பிட்ட பெயர் எதையும் சொல்லாமல் 'இந்தக் கணினியின் சொந்த எழுத்துரு எதுவோ அது' என்று கேட்கின்றன. டெஸ்க்டாப் மாறினால் அந்தக் கேள்விக்கு விடையும் மாறும். இங்கே கோளாறு எதுவும் இல்லை. தளம் கேட்டது அதைத்தான்.

எந்த எழுத்துரு என்பது தீர்ந்த பிறகும் எப்படி வரைவது என்பது பாக்கி இருக்கிறது. எழுத்துருக் கோப்புக்குள் இருப்பவை வளைகோடுகள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சதுரம் ஒரு பக்கத்துக்கு 1000 அல்லது 2048 அலகாகப் பிரிக்கப்பட்டிருப்பது வழக்கம். 2048 அலகை 16 பிக்சலில் அடக்கினால் ஒரு பிக்சலுக்கு 128 அலகு. 180 அலகு பருமனுள்ள ஒரு நேர்கோடு திரையில் 1.4 பிக்சல் ஆக வேண்டும். அந்த 0.4ஐ என்ன செய்வது? ஒரு பள்ளி, அதைச் சாம்பல் நிறமாகத் தீட்டு என்கிறது; எழுத்து வடிவமைத்தவர் வரைந்தபடியே இருக்கும், ஆனால் ஓரம் கொஞ்சம் மங்கும். இன்னொரு பள்ளி, கோட்டை நகர்த்தி முழு பிக்சலில் உட்கார வை என்கிறது. எழுத்து கூர்மையாகும், வடிவம் சற்று மாறும். இந்த நகர்த்தலை எந்த அளவுக்குச் செய்வது என்பதற்கு இல்லை, லேசாக, நடுத்தரமாக, முழுதாக என்று நான்கு நிலைகள். 'லேசாக' என்பதில் எழுத்து மேலும் கீழும் மட்டும் நகரும், பக்கவாட்டில் தொடப்படாது. தமிழுக்கு எனக்கு எப்போதும் இதுவே சரியாகப் பட்டிருக்கிறது. சுழியும் வளைவும் நிறைந்த எழுத்தை இரு திசையிலும் இழுத்து உட்கார வைத்தால் 'ண'வின் மூன்று சுழிகளும் மூன்று அளவில் வந்து நிற்கும்.

நிறக் கசிவு இதிலேயே இன்னொரு கிளை. திரையின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று செங்குத்துப் பட்டைகளால் ஆனது. மூன்றையும் தனித்தனிப் புள்ளிகளாகக் கொண்டு எழுத்தை வரைந்தால் கிடைமட்டத்தில் மூன்று மடங்கு நுட்பம் கிடைக்கும். 16 பிக்சல் அகலத்தில் 48 பட்டைகள். மைக்ரோசாஃப்ட் 1998இல் கிளியர்டைப் என்று அறிவித்தது இந்த உத்தியைத்தான். கண் நிறத்தைவிட ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கூர்மையாகக் கவனிக்கும் என்பதால் இது பலிக்கிறது. ஆனால் பட்டைகளின் வரிசையைக் கணினி சரியாக அறிந்திருக்க வேண்டும். நீலம் முதலில் வரும் திரையில், அல்லது செங்குத்தாகத் திருப்பி வைத்த திரையில், சிவப்பு முதலில் என்று நம்பி வரைந்தால் ஓரங்களில் வண்ணம் தெரியும். ஆப்பிள் 2018இல் மொஹாவி பதிப்போடு இந்த முறையை இயல்பு நிலையிலிருந்து எடுத்துவிட்டது. புள்ளி அடர்த்தி மிகுந்த திரைகளில் அதற்குத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் நம்மில் பலர் இன்னும் பழைய 1366 பிக்சல் அகல மடிக்கணினியில்தான் வாசிக்கிறோம். அங்கே சரியான வரிசையோடு இதை இயக்கினால் கிடைக்கும் தெளிவு வீணானதல்ல.

இத்தனை தேர்வுகள் ஏன் பயனர் தலையில் விழுந்தன என்றால், ஒரு பங்கு காரணம் காப்புரிமை. எழுத்துருவுக்குள் வடிவமைப்பாளரே எழுதிவைத்த நகர்த்தல் ஆணைகளை இயக்கும் முறை ஆப்பிளின் காப்புரிமையில் இருந்தது. அது 2010இல்தான் காலாவதியானது. கிளியர்டைப் சார்ந்த காப்புரிமைகள் 2019வரை இருந்தன. எழுத்தை வரையும் ஃப்ரீடைப் நிரலகம் அதுவரை தானாக ஊகித்து நகர்த்தும் மாற்று வழி ஒன்றை வளர்த்துக்கொண்டது. ஒவ்வொரு லினக்ஸ் வெளியீடும் தன் துணிச்சலுக்கு ஏற்ப எதை இயக்குவது, எதை மூடிவைப்பது என்று முடிவெடுத்தது. விளைவு, ஒரே எழுத்துரு வெவ்வேறு டெஸ்க்டாப்பில் வெவ்வேறு முகம்.

டெஸ்க்டாப் இந்த விருப்பங்களை உலாவியிடம் எப்படிச் சொல்கிறது என்பதில்தான் நம் ஆளின் சிக்கலுக்கான விடை இருக்கிறது. லினக்ஸில் பயர்ஃபாக்ஸ் ஜிடிகே என்ற கருவித்தொகுப்பின் மேல் நிற்கிறது. குரோமும் அதன் பேச்சைக் கேட்கும். க்னோமில் பின்னணியில் ஒரு சேவை ஓடி, 'ஓரத்தை மென்மையாக்கு, லேசாக நகர்த்து, இந்த அளவு' என்று ஜிடிகே செயலிகளுக்கு ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். எக்ஸ்எஃப்சிஈ என்ற டெஸ்க்டாப்பில் அந்த வேலைக்கு வேறொரு சேவை. பிளாஸ்மா ஜிடிகேயில் எழுதப்பட்டதல்ல, க்யூடியில் எழுதப்பட்டது. அதன் முடிவுகளை ஜிடிகே பக்கம் கொண்டுசேர்க்கத் தனியாக ஒரு சிறு தொகுப்பு வேண்டும். அது விடுபட்டுப்போனால் உலாவிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. தனக்குத் தோன்றியபடி வரைகிறது. டெஸ்க்டாப்பே இல்லாமல் வெறும் சாளர மேலாளரை மட்டும் வைத்திருப்பவர்கள் இந்த அநாதை நிலையை நன்றாக அறிவார்கள்.

பிளாஸ்மா இன்னொன்றும் செய்கிறது. அதன் அமைப்புகளில் எழுத்துருப் பக்கத்தைத் திறந்து, ஓர மென்மையையோ பட்டை வரிசையையோ மாற்றி ஏற்றுக்கொண்டால், அது பயனரின் சொந்த ஃபான்ட்கான்ஃபிக் கோப்பில் எழுதப்படுகிறது. 50ஆம் எண்ணில் வாசிக்கப்படும் கோப்பு அதுதான். அது எந்த டெஸ்க்டாப்புக்கும் சொந்தமல்ல, எல்லாவற்றுக்கும் பொது. பிடிக்கவில்லை என்று பிளாஸ்மாவை முழுவதும் நீக்கிவிட்டு க்னோமுக்குத் திரும்பினாலும் அந்தக் கோப்பு வீட்டுக் கோப்புறையில் அப்படியே இருக்கும். தொகுப்பை நீக்கினால் தொகுப்பு கொண்டுவந்தவை போகும். பயனரின் கோப்புறையில் எழுதப்பட்டதை யாரும் துடைப்பதில்லை. 'எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன், இன்னும் சரியாகவில்லை' என்ற புலம்பலில் பாதி இந்தக் கோப்பால் வருவது.

மொத்தப் பக்கமும் ஊதிப்போய்த் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் 96 என்ற எண். ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்பது வலைத்தரத்தில் பொறிக்கப்பட்ட கணக்கு. உலாவியின் இயல்பான 16 பிக்சல் எழுத்து அச்சுக் கணக்கில் 12 பாயின்ட் ஆவது அதனால்தான். 14 அங்குல மடிக்கணினியில் 1920க்கு 1080 திரை இருந்தால் உண்மையான அடர்த்தி சுமார் 157. உண்மையைச் சொல்கிறேன் என்று யாராவது அமைப்பில் 157ஐ நிரப்பிவிட்டால், உலாவி 157ஐ 96ஆல் வகுத்து எல்லாவற்றையும் 1.6 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். 96க்குத் திருப்பினால் போதும்.

சரிசெய்யும் வழி எந்த அடுக்கில் மாற்றம் நேர்ந்தது என்று கண்டுபிடிப்பதில் தொடங்குகிறது. முதல் சோதனைக்கு டெர்மினல்கூட வேண்டாம்: கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து அதே தளத்தைப் பார்ப்பது. அங்கே சரியாகத் தெரிந்தால் கோளாறு வீட்டுக் கோப்புறையில் இருக்கிறது. அங்கும் கெட்டிருந்தால் கணினியின் பொது விதிகளிலோ புதிதாக வந்த எழுத்துருக்களிலோ. பழைய டெஸ்க்டாப்பில் நுழைந்து பார்த்தால் இன்னும் ஒரு படி தெளிவாகும். அங்கே சரி, இங்கே பிழை என்றால் பின்னணிச் சேவைதான் வேறு.

அடுத்து உலாவியையே கேட்கலாம். பயர்ஃபாக்ஸில் கெட்டுத் தெரியும் எழுத்தின்மேல் வலச்சொடுக்கி ஆய்வுக் கருவியைத் திறந்தால், எழுத்துருக்கள் என்ற பிரிவில் பக்கம் கேட்டது எது, உண்மையில் கிடைத்தது எது என்று இரண்டும் தெரியும். ஒரே வரியில் ஆங்கிலம் ஓர் எழுத்துருவிலிருந்தும் தமிழ் இன்னொன்றிலிருந்தும் வந்து கலந்திருப்பதை முதன்முறை அங்கே பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். குரோமிலும் இதே வசதி உண்டு. ஃபான்ட்கான்ஃபிக்கை நேரடியாகக் கேட்க எஃப்சி-மேட்ச் என்ற கட்டளை. எழுத்துருவின் பெயரையோ 'தமிழுக்கு ஒரு சான்ஸ்-செரிஃப்' என்ற கேள்வியையோ கொடுத்தால், தேர்ந்த கோப்பின் பெயரைச் சொல்லும். விரிவாகக் கேட்டால் ஓர மென்மை, நகர்த்தல் நிலை, பட்டை வரிசை எல்லாவற்றையும் பட்டியலிடும்.

விடை தெரிந்த பிறகு வேலை சிறியது. பயனரின் சொந்தக் கோப்புதான் காரணம் என்றால் அதை அழிக்காமல் பெயரை மாற்றி வைத்துவிட்டு வெளியேறி உள்நுழைந்து பார்க்கலாம். படிக்கட்டு எழுத்து என்றால் புள்ளிக் கோலத் தடை விதியை இயக்க வேண்டும். நிறக் கசிவென்றால் புதிய டெஸ்க்டாப்பின் எழுத்துரு அமைப்பில் பட்டை வரிசையைத் திருத்தலாம், அல்லது சாம்பல் ஓரத்துக்கு மாற்றிவிடலாம். தமிழ் மட்டும் பிடிக்காத எழுத்துருவில் வருகிறது என்றால், பயர்ஃபாக்ஸின் அமைப்புகளிலேயே மொழிவாரியாக எழுத்துரு சொல்லும் இடம் இருக்கிறது. பட்டியலில் தமிழைத் தேர்ந்து வேண்டியதை வைக்கலாம். கணினி முழுக்க மாற வேண்டுமென்றால், சான்ஸ்-செரிஃப் கேட்டால் முதலில் எது, அடுத்து எது என்று சொல்லும் பத்து வரி எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றைச் சொந்தக் கோப்புறையில் எழுதிவைக்க வேண்டும். அதில் நமக்கு வேண்டியதைத் தலைப்பக்கத்தில் வைப்பது நல்லது. பொதுவாகச் சான்ஸ்-செரிஃப் என்று கேட்டு ஃபான்ட்கான்ஃபிக் தரும் வரிசையில் பயர்ஃபாக்ஸ் இயல்பாக முதல் மூன்றை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நான்காவதாக நிற்கும் லோஹித் தமிழுக்கு அழைப்பு போகாமலே இருக்கலாம். பிறகு எஃப்சி-கேஷ் கட்டளையால் பட்டியலைப் புதுப்பித்து, உலாவியை முழுதாக மூடித் திறக்க வேண்டும். திறந்தபடியே இருக்கும் உலாவி பழைய விடையையே பிடித்துக்கொண்டிருக்கும்.

தளம் தன் எழுத்துருவைத் தானே அனுப்பினால் இந்தத் தேடலுக்கே இடமில்லை. வரையும் முறை மட்டும் நம் கணினியுடையது. தமிழ்த் தளங்கள் பலவற்றில் இப்போது இது வழக்கமாகிவிட்டது. பக்கம் திறக்க ஒரு நொடி கூடுதலாகும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற தொகுப்பு முறைகள் வழியே நிறுவிய உலாவிகள் இன்னொரு விதிவிலக்கு. அவை தனி அறைக்குள் ஓடுகின்றன, உபுண்டு 21.10 முதல் பயர்ஃபாக்ஸ் இயல்பாகவே ஸ்னாப்பாக வருகிறது. வெளியே செய்த திருத்தம் உள்ளே எட்டாமல் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த அறையின் சுவரை.

கணினியில் உள்ள எழுத்துருக்களின் பட்டியல் அதன் உரிமையாளரையும் காட்டிக்கொடுக்கும். எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷனின் பீட்டர் எக்கர்ஸ்லி 2010இல் வெளியிட்ட ஆய்வில் 4,70,161 உலாவிகள் சோதிக்கப்பட்டன. அவற்றில் 83.6 விழுக்காடு, தளங்கள் கேட்டால் தாம் தெரிவிக்கும் விவரங்களைக் கொண்டு தனித்து அடையாளம் காணக்கூடியவையாக இருந்தன. அதிகம் காட்டிக்கொடுத்த விவரங்களில் ஒன்று எழுத்துருப் பட்டியல். புதிய டெஸ்க்டாப் நிறுவியவர் அறியாமலே தன் கைரேகையையும் மாற்றிக்கொள்கிறார். இப்படி அடையாளம் காணப்படுவதைத் தவிர்ப்பதற்காகவே டோர் உலாவி கணினியின் எழுத்துருக்களைக் கணக்கில் கொள்வதில்லை. தனக்கு வேண்டியவற்றைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. அதே கணினியில், பிளாஸ்மாவை நிறுவுவதற்கு முன்னும் பின்னும் ஒரே தமிழ்ப் பக்கத்தை அதில் திறந்தால் அதே எழுத்துருதான் வரும்.